வெயில் அடிக்கிறது என்கிறாள் பிரதீபா

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு வந்திருந்த பிரதீபா இன்று காலை கிளம்பினாள். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடப் போனேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகக் கேட்டாள்: “மாமா, இந்தத் தடவ நெசமாலுமே வருவீங்களா?”

வருவேன் என்றேன். எப்போது என்று கேட்பதற்குள் பஸ் போய்விட்டது. நல்லவேளை.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் வண்டன்மேட்டில் தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் டீச்சர். கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதி, எங்கள் பாலக்காட்டில் இடம் இல்லாமல் இடுக்கியில் கிடைத்த வேலை. நான் பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்கு அப்பாவின் தென்னந்தோப்பு வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் லீவுக்கு லீவு பார்த்துக்கொள்கிறோம். இப்போது மேனேஜர் ஜிஸ்மி கறாராகச் சொல்லிவிட்டாள்: டிசம்பர் கடைசி வரை எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், ஜனவரியிலிருந்து வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வந்தே தீர வேண்டும்.

ஆக, நானும் பிரதீபாவும் புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் குடித்தனம் செய்ய இந்த வருடக் கடைசி வரைதான் வாய்ப்பு. அவள் கேட்பது ஒரு மாதம். “ஒரே ஒரு மாசம் மாமா. பள்ளிக்கூடம் உட்டு வந்தா ஊட்ல ஒரு மனுசன் மூஞ்சி தெரியோணும், அவ்வளவுதான்.”

போகத்தான் போகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்ப நான் என்ன சுற்றுலாப் பயணியா? நெட் போனால் வேலை போகும். திட்டமிட்டுப் போக வேண்டும்.

அக்டோபர் 25, சனி

எக்செல்லில் அட்டவணை தயார். வானிலை ஆப்பில் வண்டன்மேட்டைப் போட்டு வைத்துவிட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் மழை, இடி, கரண்ட், நெட், பனிமூட்டம், அட்டை என்று தனித்தனிக் கட்டங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மதிப்பெண். எழுபதுக்கு மேல் வந்தால் கிளம்பலாம்.

அட்டைக்கு ஏன் தனிக் கட்டம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். பிரதீபா வேலையில் சேர்ந்த அன்று கொண்டுபோய் விட்டவன் நான். ஏலத்தோட்டத்து வழியில் ஒரு அட்டை என் தொடை வரை ஏறிவிட்டது. நடு ஜங்ஷனில் நான் குதித்த குதியை ஜீப்காரர்கள் டீயை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவனுக்கு அட்டையை எப்படித் தெரியும்? இங்கே குடிக்கவே தண்ணீர் லாரியில் வருகிறது. பயம் இல்லை. முன்னெச்சரிக்கை.

நேற்று 31. இன்று 28.

அக்டோபர் 29, புதன்

ரிலீஸ் நாள். காலையிலிருந்து ஹெட்போன் கழற்றவில்லை. நடுவில் பிரதீபா கூப்பிட்டாள். மீட்டிங்கை ஒரு காதிலும் அவளை இன்னொரு காதிலும் வைத்துக்கொண்டேன். வெகுநேரம் பேசினாள். ஏதோ ஆர்டர் வந்திருக்கிறதாம், சந்தோஷமாக இருந்தாள். வீடு, லாரி, சாமான் என்றெல்லாம் வந்தது. வீட்டுக்காரம்மா சுருளியம்மாள் சாமான் வாங்குகிறார் போல. “சரி சரி, ரொம்ப நல்லது” என்றேன். “நெசமாலுமே நல்லதா மாமா?” என்று இரண்டு தடவை கேட்டாள். ரொம்ப ரொம்ப நல்லது என்றேன்.

ரிலீஸ் சொதப்பல். ராத்திரி எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தோம்.

நவம்பர் 2, ஞாயிறு

பிரதீபாவிடமிருந்து “வந்து சேந்தாச்சு” என்று செய்தி. எங்கே போயிருந்தாளோ? கட்டைவிரல் ஒன்றைத் தட்டி அனுப்பினேன்.

நவம்பர் 6, வியாழன்

பிரதீபாவோடு சின்ன வாக்குவாதம்.

“இங்க சூப்பரா வெயில் அடிக்குது மாமா. கிளம்பி வாங்க” என்றாள். ஆப்பைப் பார்த்தேன். இடியுடன் கூடிய மழை என்று போட்டிருக்கிறது, மேகப் படத்தில் மலை முழுக்கச் சிவப்பு.

“அங்க மழை பேயுது பிரதீபா” என்றேன்.

“எங்க?”

“அங்கதான். நீ இருக்கற எடத்துல.”

துணியை உதறும் சத்தம் கேட்டது. பிறகு, “நான் துணி காயப் போட்டுட்டு நிக்கறனுங்க மாமா” என்றாள். சில சமயம் மழை வருவதற்கு முன் அப்படித்தான் பளிச்சென்று இருக்கும், நம்பாதே, துணியை எடுத்து உள்ளே போடு என்று அறிவுரை சொன்னேன். சரி என்று சொன்ன தொனி சரியில்லை.

கரண்ட் போவதே இல்லை என்று வேறு சொல்கிறாள். வண்டன்மேட்டில்! ஒரு மனுஷி தன் புருஷனை வரவழைக்க இவ்வளவு தூரம் பொய் சொல்வாளா? கோபமாகவும் வருகிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

இன்றைய மதிப்பெண் 19.

நவம்பர் 11, செவ்வாய்

மத்தியானம் சாப்பாடு போடும்போது அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜிஸ்மி காதுக்குள் கத்திக்கொண்டிருந்ததால் கடைசி வரிதான் கேட்டது: “...புது எடத்துல புள்ள ஒண்டியா என்ன பண்ணுவா?” எந்தப் புள்ளை என்று தெரியவில்லை. அம்மாவுக்கு ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் கவலை. தலையாட்டி வைத்தேன்.

நவம்பர் 15, சனி

பிரதீபா போட்டோ அனுப்பியிருக்கிறாள். கொடியில் துணி, பின்னால் நீல வானம், ஒரு துண்டு மேகம் கூட இல்லை. கீழே “பாத்துக்கோங்க” என்று ஒரு வார்த்தை.

ஆப்பில் அதே நேரம் கனமழை.

பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் சுடிதார் காய்கிறது. அது போன மாசியில் எடுத்தது. ஆக, பழைய போட்டோவாக இருக்கலாம். ஒரு சந்தேகத்துக்குத்தான் கேட்டேன், “இது எப்ப எடுத்தது?” என்று. ஒரு சந்தேகத்துக்குக் கேட்கக் கூடாதா?

பதில் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பதில் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

மாலையில் பதில் வந்தது. “நீங்க ஆப்பு கூடவே குடும்பம் நடத்துங்க மாமா.”

நவம்பர் 23, ஞாயிறு

அப்பா இன்று தோப்பிலிருந்து வந்ததும் என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். திரையில் மேகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்தார். பாலக்காட்டுக் கணவாய் மேலே எதுவும் இல்லை, வழக்கம்போலச் சுத்தம். தெற்கே மலை மேல் மட்டும் கொட்டுகிறது.

“இதெல்லாம் மழையாடா?”

“ஆமாங்கப்பா.”

“அத்தனையுமா?”

“அதனாலதான் போகாம இருக்கறேன்.”

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். தென்னைக்குக் கூன்வண்டு பிடித்தால் இப்படித்தான் பார்ப்பார். வெளியே போய் அம்மாவிடம் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது: “ஏனு காளியாத்தா, கேட்டயா? மழைக்குப் பயந்துட்டு ஊட்டுக்குள்ளயே கெடக்கறானாமா உன்ற பையன். நம்ம சாதி சனத்துல ஒருத்தன் மழை பேயுதுன்னு சடஞ்சுக்கிட்டு நான் கேட்டதே இல்ல.”

“மழைக்கில்லீங்க” என்றாள் அம்மா. “அட்டைக்கு.”

இந்த வீட்டில் எதுவும் ரகசியமாக இருக்காது.

நவம்பர் 28, வெள்ளி

அடுத்தடுத்து இரண்டு இடி. ஆப்பில் இல்லாத இடி.

ஒன்று: ஜனவரிக்கு மேல் நீட்டிக்க முடியுமா என்று ஜிஸ்மியிடம் கேட்டிருந்தேன். ஒரே வரியில் முடியாது என்று பதில்.

இரண்டு: பிரதீபா கிறிஸ்துமஸ் லீவுக்கு வர மாட்டாளாம். எனக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். “நான் வந்து பாக்கறதே பழக்கமாப் போச்சுங்க அத்தை. பாக்கோணும்ன்னு இருக்கறவங்க வரட்டும்” என்றாளாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு எனக்குக் காபி தராமல் போய்விட்டாள். பத்து மணி வரை காபி வரவில்லை.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அட்டவணையைத் திறந்து பார்த்தேன். டிசம்பர் முழுக்க எழுபதுக்கு மேல் ஒரு நாள் கூட இல்லை. ஏதோ புயலாம். என்ன செய்யட்டும்? வானம் என் பேச்சைக் கேட்குமா? அவளாவது கேட்கலாம் அல்லவா?

டிசம்பர் 1, திங்கள்

அவள் பக்கம் நியாயம் இருக்கிறதோ?

டிசம்பர் 5, வெள்ளி

நாளை போகிறேன். மதிப்பெண் 11. அட்டவணை போட்ட நாளிலிருந்து இதைவிட மோசமான நாள் வந்ததில்லை.

இதில்தான் என் மூளை இருக்கிறது. வெயிலில் போய் நின்றால் என்ன மதிப்பு? கொட்டும் மழையில் தெப்பலாக நனைந்து வாசலில் போய் நிற்கப் போகிறேன். முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. கதவைத் திறப்பாள், பார்ப்பாள், உருகிவிடுவாள். குடை எடுக்கவில்லை.

எடுத்தது: லேப்டாப், இன்னொரு திரை, யூ.பி.எஸ். (சாக்கில் கட்டியது), இரண்டு சிம், கல் உப்பு ஒரு டப்பா, முழங்கால் வரை காலுறை நான்கு ஜோடி. உப்பை இடுப்பில் கட்டிக்கொள்ள அம்மா ஒரு சுருக்குப்பை தந்தாள். சிரிக்காமல்தான் தந்தாள், ஆனால் அப்புறம் சமையற்கட்டிலிருந்து சத்தம் வந்தது.

அப்பா கேட்டார்: “பொள்ளாச்சி போயித்தானே போற?” ஆமாம் என்றேன். “செரி, பாத்துப் போ” என்றார்.

டிசம்பர் 6, சனி. வண்டன்மேடு

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி வந்தேன். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் யூ.பி.எஸ். சாக்கைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. கம்பத்தில் ஏறிய ஜீப்பைக் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

“எந்தா இது?”

“யூ.பி.எஸ். சார். அங்க கரண்ட் போகும்னு...”

“இது?” இடுப்புச் சுருக்குப்பை. அவிழ்க்கச் சொன்னார். உப்பு. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் தொட்டு வைத்துப் பார்த்தார். அட்டைக்கு என்றேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் கையசைத்து அனுப்பிவிட்டார்கள்.

மழை! ஆப் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜீப்பை விட்டு இறங்கி நடந்ததில் உள்ளாடை வரை நனைந்தேன். திட்டப்படி எல்லாம் நடக்கிறது என்று உள்ளூர சந்தோஷம். படியேறி, முகத்தைக் கொஞ்சம் பரிதாபமாக வைத்துக்கொண்டு, பிரதீபாவின் கதவைத் தட்டினேன்.

யாரோ ஒரு ஆள் பனியனோடு திறந்தார்.

பின்கட்டிலிருந்து வீட்டுக்காரம்மா சுருளியம்மாள் ஓடி வந்தார். “யாரு, டீச்சர் வீட்டுக்காரரா? ஆத்தாடி, என்ன தம்பி இப்பிடி நனஞ்சு வந்துருக்கீங்க?”

“பிரதீபா...”

“டீச்சர் இங்க ஏது தம்பி? அவுக சித்திரபுரம் பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகிப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே! இங்கிட்டுப் பிள்ளைக கொறஞ்சு போச்சுன்னு அங்கிட்டுப் போட்டாகள்ல. லாரி வச்சுச் சாமானெல்லாம் ஏத்திவிட்டது நாந்தான். ஒங்ககிட்டச் சொல்லலையா?”

ஆர்டர். வீடு. லாரி. சாமான். வந்து சேந்தாச்சு. கட்டைவிரல்.

சித்திரபுரம் எங்கே இருக்கிறது? மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் என்ற ஊரை ஒட்டி. இங்கிருந்து அரை நாள் பயணம். உடுமலை, மறையூர் வழியாகப் போயிருந்தால் மத்தியானமே சேர்ந்திருப்பேன். ஒரு மாதமாக நான் வேறொரு மலையின் மழையைப் பார்த்துக்கொண்டு, வெயிலில் நிற்கிறவளிடம் துணியை எடு துணியை எடு என்று— ஐயோ. பழைய போட்டோவா என்று கேட்டேனே!

சுருளியம்மாள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். சொல்லவில்லை என்றால் அவள் மேல் பழி. சொன்னாள் என்றால் நான் ஏன் இங்கே நிற்கிறேன்? அப்போது திண்டாட்டத்தில் கண்ணில் பட்டது, கூரைக்கடியில் ஒதுங்கி நின்ற கோழி. பிரதீபாவின் கோழி. சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பறைக்குள் நுழைந்து சுற்றிப் பார்க்கும் என்பதால் அதற்கு ஏ.இ.ஓ., அதாவது உதவிக் கல்வி அதிகாரி, என்று பேர் வைத்திருந்தாள்.

“சொன்னாளே” என்றேன். “கோழியக் கொண்டு போலாம்னுதான் வந்தேன்.”

“அப்பிடிச் சொல்லுங்க! அது அடையில உக்காந்துருந்துச்சுன்னு விட்டுட்டுப் போனாக. பாவம், கோழிக்காக இம்புட்டுத் தூரம் வந்துருக்கீங்களே!” என்று துண்டு தந்தார். கஞ்சியும் கருவாடும் தந்தார். மகன் சட்டையையும் தந்தார். நல்ல மனுஷி. எனக்கு ஒவ்வொரு வாய்க்கும் வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். “ஏம்மா, அவ சித்திரபுரம் போனத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“உன்ற பொண்டாட்டி எங்க இருக்கறான்னு உனக்கு நான் சொல்லோணுமாடா?” என்றாள் அம்மா.

எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

டிசம்பர் 7, ஞாயிறு. சித்திரபுரம்

காலையில் கோழியை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டித் தந்தார் சுருளியம்மாள். பஸ்ஸில் கண்டக்டர் யூ.பி.எஸ்.ஸுக்கு லக்கேஜ் போட்டார், கோழியைச் சும்மா விட்டார். அடிமாலி வரை அது தலையை வெளியே நீட்டி ஒவ்வொரு பயணியையும் விசாரித்துக்கொண்டு வந்தது.

சித்திரபுரத்தில் இறங்கினேன். வெயில். அவள் அனுப்பிய போட்டோவில் இருந்த அதே வெயில், அதே நீலம். என் சட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. நனைந்து போய் நிற்கும் திட்டம் என்ன ஆவது? ரோட்டோரம் ஒரு குழாய் இருந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது உண்மை. அங்கே குடம் வைத்திருந்த அம்மாள் முறைத்ததால் போய்விட்டேன்.

வழி கேட்டதும், “புது தமிழ் டீச்சரா?” என்று காட்டினார்கள். மின்சார வாரியக் குடியிருப்புக்கு மேலே சின்ன ஓட்டு வீடு. அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

“ஏ.இ.ஓ.வா அது?”

“ஆமா. நீ விட்டுட்டு வந்துட்டயே, அதான் அப்படிக்கா சுத்தி, எடுத்துட்டு...”

“கோழியக் கூப்புட வண்டன்மேடு போனீங்களா?”

“ம்.”

“நான் மாறி வந்தத எப்பச் சொன்னேன்?”

“ரிலீஸ் அன்னைக்கு.”

“என்ன சொன்னேன்?”

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். கோழி கூட வாயைத் திறக்கவில்லை. “கேக்கலை பிரதீபா” என்றேன். “நீ பேசுன. நான் கேக்கலை.”

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் போனேன். உள் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

ஜன்னலோரம் ஒரு மேசை. முதுகு வலிக்காத நாற்காலி. பக்கத்துச் சுவரில் புதிதாகப் போட்ட பிளக்குகள் வரிசையாக. மூலையில் நெட் பெட்டி, அதில் பச்சை விளக்கு எரிகிறது. மேசை மேல் துளி தூசி இல்லை.

“ரெண்டு பள்ளிக்கூடம் குடுத்தாங்க மாமா. ஒண்ணு மறையூர்ப் பக்கம், நம்மூருக்குக் கிட்ட. பஸ் ஏறுனா உடுமலை. எனக்கு அதுதான் சௌகரியம். ஆனா இங்கதான் கரண்டு போகாது, கேபிள் நெட்டு வரும், அட்டை இல்லைன்னு சொன்னாங்க. உங்களுக்கு வேற சாக்கு இருக்காதில்லீங்களா? அதான் இத எழுதிக் குடுத்தேன். ஆர்டர் வந்த அன்னைக்கு, நெசமாலுமே நல்லதான்னு ரெண்டு தடவ கேட்டேன். ரொம்ப ரொம்ப நல்லதுன்னீங்க.”

அட்டை இல்லாத இடமாகப் பார்த்திருக்கிறாள். எனக்காக. அட்டைக்காக.

எனக்கு அழுகை வந்தது. இடுப்பில் உப்புப் பையோடு நின்று அழுதேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். அவள் வந்து கட்டிக்கொள்ளவில்லை. கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

டிசம்பர் 10, புதன்

பிரதீபா என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை. கோழியிடம் பேசுகிறாள். “ஏ.இ.ஓ., சோறு மூடி வெச்சிருக்குதுன்னு சொல்லு.” “ஏ.இ.ஓ., நனஞ்ச துண்டு கட்டில்ல கெடக்குது, யாருன்னு கேளு.”

நானும் கோழியிடமே பதில் சொல்லிப் பார்த்தேன். அது அவளிடம் போய் நின்றுகொண்டது.

டிசம்பர் 12, வெள்ளி

நான் வந்து ஒரு தடவை கூட கரண்ட் போகவில்லை. யூ.பி.எஸ். சும்மா சூடாக உட்கார்ந்திருக்கிறது. கோழி அதைக் கண்டுபிடித்துவிட்டது, இப்போது அதன் மேல்தான் தூக்கம். இன்று ஜிஸ்மி மீட்டிங்கில் “அது என்ன சத்தம்?” என்று கேட்டாள். மேலதிகாரி என்றேன். உண்மைதானே?

டிசம்பர் 15, திங்கள்

சாயங்காலம் பிரதீபா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் மீட்டிங்கில் இருந்தேன். கை காட்டிவிட்டு லேப்டாப்பை மூடினேன். மூடியே விட்டேன். நெட் போய்விட்டது என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஊர் நெட் மேல் அபாண்டம்தான்.

டீ போட்டேன். சர்க்கரை தூக்கலாகிவிட்டது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல், மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் மழைமானி வரையச் சொன்னால் பால் பாத்திரம் வரைந்ததைச் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் நிறுத்தி, “நான் என்ன சொன்னேன்?” என்றாள்.

“பால் பாத்திரம். கீழ ‘மூணு சொட்டு’ன்னு எழுதியிருந்தா.”

“செரி” என்றாள். என்னிடம்தான். கோழி அப்போது தோட்டத்தில் இருந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

காலையில் டிபன் நான் கட்டினேன். இட்லி உடைந்துவிட்டது. உப்புமாவாகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். காலியாக வந்தது டப்பா.

டிசம்பர் 25, வியாழன்

அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் குளிர் ஆகவில்லை, சால்வைக்குள் இருந்துகொண்டே அதிகாரம் செய்கிறாள். அப்பாவுக்குத்தான் ஏமாற்றம். வந்த நாளிலிருந்து வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்.

“ஒரு சொட்டுக் கூட இல்லையாடா?”

“இது மழைக்காலம் இல்லீங்கப்பா.”

“அப்பறம் எந்த மழைக்கு நீ அத்தன நாளு பயந்த?”

பிரதீபா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த முறம் கீழே விழுந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனை நாளாகிறது பார்த்து! என் மானம் போனது போகட்டும்.

டிசம்பர் 31, புதன்

அவள் கேட்டது ஒரு மாதம். கொடுத்தது அதில் முக்கால்வாசி. மிச்சத்தை நான் ஒரு மேகப் படத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜிஸ்மியைக் கூப்பிட்டுப் பேசினேன். செவ்வாய், புதன், வியாழன் ஆபீஸ். அதற்கு மேல் ஒரு நாள் கூட முடியாது, வேண்டுமானால் என் டீம் லீட் பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொள் என்றேன். கொடுத்துவிட்டாள். யோசித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

பிரதீபாவிடம் சொன்னேன். “வாரா வாரம் வருவீங்களா? பெங்களூர்லருந்தா?” என்றாள். ஆமாம் என்றேன். “பாக்கலாம்” என்று மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

ஜனவரி 8, வியாழன். பஸ்ஸில்

சாயங்காலம் பிரதீபா கூப்பிட்டாள்.

“மாமா, இங்க பயங்கரக் குளிருங்க. காலைல வெளிய காலே வெக்க முடியல. ஒரே மூடாக்கு, எதுத்தாப்புல வர்ற வண்டி தெரியலையாமா. நெட்டும் காலைலருந்து இல்ல. அடுத்த வாரம் வாங்க, ஒண்ணும் அவசரமில்ல. உங்க ஆப்புலயும் பாருங்க வேணும்ன்னா.”

“ஓசூர் தாண்டியாச்சு பிரதீபா” என்றேன்.

நிஜமாகவே ஓசூரா, பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் முறுக்கு தின்கிறார் என்றேன். சிரித்தாள். உடுமலையில் முதல் பஸ் எப்போது, காதுக்குத் துணி இருக்கிறதா என்று விசாரித்தாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்து நோட்டை எடுத்தேன். வைக்கவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்திருக்கிறாள். இதோடு நிறுத்துகிறேன்.